கண்ணிக்குள் நிற்கும் காற்று

2022 டிசம்பர் இரண்டாவது வாரம். மாண்டஸ் புயல் வங்காள விரிகுடாவில் நகர்ந்துகொண்டிருந்தபோது இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் இறந்துபோயின. வெள்ளம் அடித்துக்கொண்டு போகவில்லை. இரவிரவாக வெட்டவெளியில் மழையையும் காற்றையும் வாங்கிக்கொண்டு நின்ற மாடுகள் விடியும்போது படுத்த இடத்திலேயே விறைத்துக் கிடந்தன. குளிர்தான் காரணம் என்று கால்நடைத் துறையினர் சொன்னார்கள். மட்டக்களப்புக்கு அருகே செங்கலடியில் திரும்பிப் பதுளை வீதியில் உள்ளே போனால் வரும் கரடியனாறு போன்ற ஊர்களில், வயலுக்கு அடுத்தபடி மாட்டை நம்பித்தான் குடும்பங்கள் இருக்கின்றன. மாடு சாவது அங்கே சேமிப்பு முழுவதும் ஓர் இரவில் போவதற்குச் சமம்.

அந்த இரவில் வெப்பமானி உறைநிலைக்குக் கிட்டவும் போகவில்லை. ஐஸ்லாந்தில் அதைக் கோடை என்பார்கள். அங்கே செம்மறிகள் அதைவிட மோசமான மழையிலும் காற்றிலும் மலைச்சரிவுகளில் மாதக்கணக்கில் மேய்கின்றன. அந்தச் செம்மறியின் மயிரை நூலாக்கி, இரண்டு நிறம் சேர்த்துப் பின்னிய தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு மனிதர்களும் அதே காற்றில் நடக்கிறார்கள். மாட்டைக் கொன்றதும் தொப்பி காப்பதும் ஒரே பௌதிகம். அதைப் புரிந்துகொள்ள அந்தத் தொப்பியைக் கண்ணி கண்ணியாகப் பிரித்துப் பார்ப்பது நல்ல வழி.

முதலில் மாடு. உடலைச் சுற்றி மயிருக்கு இடையில் சிக்கியிருக்கும் காற்று உடல் சூட்டில் இளஞ்சூடாகி அசையாமல் நிற்கும்வரை விலங்குக்குக் குளிராது. வெப்பத்தைக் கடத்துவதில் காற்று மிக மந்தமானது. அசையாத காற்றின் வெப்பக் கடத்துதிறன், மீற்றருக்கும் பாகைக்குமாக, ஏறத்தாழ 0.026 வோற்று, நீருக்கு அது 0.6. இருபது மடங்குக்கும் மேல். மழை மயிரை நனைத்துத் தோலோடு ஒட்டவைத்துவிட்டால் காற்று இருந்த இடத்தில் நீர் வந்து உட்கார்ந்துகொள்கிறது. மேலே வீசும் காற்று அந்த நீரை ஆவியாக்குகிறது. ஆவியாகும் ஒவ்வொரு கிராம் நீரும் 2.4 கிலோயூல் வெப்பத்தை உடலிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போகிறது. அமெரிக்க மாட்டுப் பண்ணைக் கையேடுகளில் ஒரு கணக்கு உண்டு. தடித்த குளிர்கால மயிர் உலர்ந்திருக்கும் மாடு −8 பாகை செல்சியஸ் வரை சிரமமில்லாமல் நிற்கும். மயிர் நனைந்துவிட்டாலோ 15 பாகையிலேயே சூட்டைக் காக்க உடல் கூடுதலாக எரிசக்தி செலவழிக்கத் தொடங்கிவிடும். ஒரே விலங்கு, வித்தியாசம் இருபத்து மூன்று பாகை. நம் நாட்டு மாட்டுக்கு அந்தத் தடித்த மயிரும் கிடையாது. வெயிலுக்கென்று அமைந்த குட்டை மயிரும் மெல்லிய தோலும் கொண்டது அது.

ஐஸ்லாந்துச் செம்மறிக்கு இரட்டை மயிர். 9ஆம், 10ஆம் நூற்றாண்டுகளில் அந்தத் தீவில் குடியேறியவர்கள் கப்பலில் கொண்டுவந்த ஆடுகளின் வழிவந்த இனம் அது. வெளியிலிருந்து கலப்பு மிகக் குறைவு. மேலே 'தோக்' என்று அவர்கள் சொல்லும் நீண்ட, பளபளப்பான, சற்று முரடான மயிர். அடியில் 'தெல்' என்ற குட்டையான, மிருதுவான, நெளிந்த மயிர். மழைத்துளி மேல் மயிரின் வழியாக வழுக்கிக் கீழே சொட்டிவிடும். அடி மயிர் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒன்று கூரை, மற்றது அறை. ஐஸ்லாந்தின் குளிர் நாம் நினைக்கும் அளவுக்குக் கடுமையானது அல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். வெதுவெதுப்பான கடல் நீரோட்டம் தீவைத் தழுவிச் செல்வதால் ரெய்க்யாவிக் நகரின் ஜனவரிச் சராசரி பூச்சியம் பாகையை ஒட்டியே இருக்கும். ரொறொன்ரோவில் அதைவிடக் கூடக் குளிரும். ஆனால் ஐஸ்லாந்தின் குளிர் நனைந்த குளிர். காற்றோடு வரும் குளிர். மாண்டஸ் இரவில் நம் மாடுகள் பட்டது அதன் இளைய வடிவம்.

செம்மறி என்றதும் எல்லாம் கம்பளி தரும் என்று எண்ணிவிடக் கூடாது. யாழ்ப்பாணத்துச் செம்மறிக்கு உடம்பில் இருப்பது வெறும் மயிர். அதை நூற்க முடியாது. தமிழ்நாட்டில் குறும்பர்கள் செம்மறி மயிரில் நெய்யும் கம்பளி முரடானது, உழைக்கக்கூடியது. மெல்லிய கம்பளிக்கென்று தமிழ்நிலத்தில் உருவான ஆடும் உண்டு: 19ஆம் நூற்றாண்டில் உள்ளூர் ஆட்டோடு மெரினோ முதலிய வெளிநாட்டு இனங்களைக் கலந்து வளர்த்தெடுத்த நீலகிரிச் செம்மறி. உதகைக்கு அருகில் சாண்டிநல்லாவில் உள்ள ஆராய்ச்சி நிலையம் அந்த இனத்தைப் பேணி வருகிறது.

கம்பளி மயிர் ஒன்றை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் அதன் மேற்பரப்பில் ஒன்றன்மேல் ஒன்று படிந்த செதில்கள் தெரியும், எல்லாம் நுனியை நோக்கிச் சாய்ந்திருக்கும். உள்ளே நடுப்பகுதி இரண்டு விதமான உயிரணுக்களால் ஆனது. ஒரு பக்கம் ஒரு விதம், மறுபக்கம் வேறு விதம். ஈரத்துக்கும் சூட்டுக்கும் இரண்டு பக்கமும் வேறுவேறு அளவில் நீண்டு சுருங்குவதால் மயிர் நேராக நிற்க முடியாமல் நெளிந்துகொள்கிறது. இந்த நெளிவுதான் கம்பளியின் செல்வம். நெளிந்த மயிர்கள் அடுத்தடுத்துப் படுத்து நெருங்க மாட்டா. ஒன்றையொன்று தள்ளி இடைவெளி விட்டே கிடக்கும். ஒவ்வோர் இடைவெளியிலும் காற்று.

ஆகவே நூற்கும்போது எவ்வளவு முறுக்குகிறோம் என்பது முக்கியம். முறுக்கு ஏற ஏற நூல் பலப்படும், ஆனால் மயிர்கள் நெருங்கிக் காற்று வெளியேறிவிடும். ஐஸ்லாந்தின் லோப்பி நூல் இந்தப் பேரத்தில் காற்றின் பக்கம் நிற்கிறது. தோக்கையும் தெல்லையும் சேர்த்தே சீவி, மிகக் குறைவாக முறுக்கி, ஒற்றை இழையாக விட்டுவிடுவார்கள். முறுக்கே இல்லாத வகையும் உண்டு, வட்டத் தட்டாகச் சுற்றிவைத்த நிலையில் விற்பார்கள். அதைப் பிடித்து இழுத்தால் அறுந்துவிடும். பின்னி முடித்த பிறகோ பக்கத்துக் கண்ணிகள் அதைத் தாங்கிக்கொள்ளும். 1920களில் ஐஸ்லாந்துப் பெண்கள் இந்த முறுக்காத நூலை அப்படியே பின்னிப் பார்க்கத் துணிந்தார்கள். நூற்கும் வேலை மிச்சம் என்பதே முதல் நோக்கமாக இருந்திருக்கும். கிடைத்ததோ அதுவரை பின்னியவற்றைவிட இலேசான, சூடான ஆடை.

இனிப் பின்னல். மட்டக்களப்புப் பகுதியில் பன் பாய் இழைப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. பாயில் நெடுக்கே ஓடும் பன்னும் குறுக்கே ஓடும் பன்னும் ஒன்றின் மேலும் கீழுமாகப் போகின்றன. தறியில் நெய்யும் மருதமுனைச் சாரத்திலும் அதே ஒழுங்குதான். நேராக ஓடும் இழை இழுத்தால் நீளாது. வாவியில் வீசும் வலை வேறு: ஒவ்வொரு சந்திப்பிலும் முடிச்சு. அதனால் ஒரு கண் அறுந்தாலும் மற்றவை நிற்கும். பின்னலில் முடிச்சும் இல்லை, குறுக்கிழையும் இல்லை. ஒரே ஒரு நூல், ஏற்கெனவே உள்ள கண்ணிக்குள் புகுந்து புதிய கண்ணியாக வெளியே வருகிறது. அந்தக் கண்ணிக்குள் அடுத்த சுற்றில் இன்னொன்று. எல்லாக் கண்ணிகளும் வளைவுகளே. துணியை இழுத்தால் நூல் நீள்வதில்லை, வளைவின் வடிவம்தான் மாறுகிறது. விட்டால் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. தலை போன்ற உருண்டையான பொருளை இறுக்காமல் கவ்வி நிற்கும் துணி வேண்டுமென்றால் பாயோ சாரமோ உதவாது. பின்னல் வேண்டும். நூலின் முனையைப் பிடித்து இழுத்தால் தொப்பி முழுவதும் மறுபடி நூலாகிவிடும் என்பது அதற்கு நாம் கொடுக்கும் விலை. பின்னிப் பழகுபவர்களுக்கு அது விலை அல்ல, வரம்: தவறிய சுற்றை அவிழ்த்து மீண்டும் பின்னலாம்.

திருப்பூரின் வட்டப் பின்னல் இயந்திரங்களும் இதே கண்ணியைத்தான் போடுகின்றன, நூற்றுக்கணக்கான ஊசிகளை ஒரு வட்டத்தில் நிறுத்தி. பனியன் துணி தையல் இல்லாத குழாயாக வெளிவருவது அதனால்தான். கையால் பின்னும் தொப்பியும் அப்படிப்பட்ட குழாயே. கம்பியால் இணைந்த இரட்டை முனை ஊசியில் சுற்றிச் சுற்றிப் போகிறோம். துணியின் முகப்பு எப்போதும் நம்மைப் பார்த்தே இருக்கிறது. இரு நிறப் பின்னலுக்கு இது பெரிய வசதி, உருவம் வளர்வதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே பின்னலாம்.

இரு நிறப் பின்னலை அதிகம் பேர் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். எனக்கு அதில் மிகவும் பிடித்த பகுதி யார் கண்ணுக்கும் படாத பின்பக்கம். ஒரு சுற்றில் வெள்ளை நூலும் கறுப்பு நூலும் சேர்ந்தே ஓடுகின்றன. முகப்பில் வெள்ளைக் கண்ணி தேவைப்படும்போது கறுப்பு நூல் அதன் முதுகுக்குப் பின்னால் குறுக்கே கிடக்கும். கறுப்பு முன்னே வரும்போது வெள்ளை பின்னே போகும். வேலை இல்லாத நூல் எப்போதும் பின்னால் தொங்கிக்கொண்டு அடுத்த முறைக்குக் காத்திருக்கிறது. இப்படித் தொப்பியின் உட்புறம் முழுக்க இன்னொரு படை நூல் சேர்ந்துவிடுகிறது. அதற்கும் முகப்புத் துணிக்கும் இடையில் மெல்லிய காற்றறை. ஒரு பொருளின் வெப்பத் தடை அதன் தடிப்புக்கு நேர்விகிதம். 4 மில்லிமீற்றர் தடித்த பின்னல் பின்னோடும் நூலால் 6 மில்லிமீற்றர் ஆனால் தடையும் ஒன்றரை மடங்காகும். வெளியே பூவும் நட்சத்திரமும். சூட்டைக் கூட்டுவது பின்னால் கிடக்கும் நூல்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 80 கிராம் எடையுள்ள தொப்பி என்று வைத்துக்கொள்வோம். கம்பளியின் அடர்த்தி கன சென்டிமீற்றருக்கு 1.3 கிராம். அப்படியானால் மயிர் அடைத்திருக்கும் கனவளவு ஏறத்தாழ 62 கன சென்டிமீற்றர். தொப்பியின் பரப்பு ஏறத்தாழ 1,100 சதுர சென்டிமீற்றர், தடிப்பு 4 மில்லிமீற்றர் என்றால் மொத்தக் கனவளவு 440. அதில் கம்பளி ஏழில் ஒரு பங்கு, மிச்சம் காற்று. அந்தக் காற்றும் பெரிய அறைகளில் இல்லை. ஒரு மில்லிமீற்றருக்குள் அடங்கும் இடுக்குகளில் காற்று மேலே ஏறி, குளிர்ந்து கீழே இறங்கிச் சுழல முடியாது. சுழற்சி இல்லையென்றால் வெப்பம் கடத்தலால் மட்டும் நகர வேண்டும், காற்றோ கடத்துவதில் மந்தம். ஒரு குறை: பலத்த காற்று வீசினால் தளர்ந்த பின்னலுக்குள் அது நுழைந்து உள்ளே நிற்கும் காற்றைத் துடைத்துக்கொண்டு போகும். பின்னோடும் நூல்கள் அந்த நுழைவையும் தடுக்கின்றன. லோப்பி பழகப் பழக மேற்பரப்பில் மயிர் எழுந்து கண்ணிகளின் வாயை அடைத்துவிடும். ஆகவே புதுத் தொப்பியைவிட ஒரு பருவம் உழைத்த தொப்பி காற்றை நன்றாகத் தாங்கும்.

இரு நிறக் கண்ணிப் பின்னல் பிறந்தது குளிர்நாட்டிலா என்றால், கிடைத்திருக்கும் பழைய சான்றுகள் எகிப்தைக் காட்டுகின்றன. 11ஆம் நூற்றாண்டுக்கும் 14ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்ட காலத்தைச் சேர்ந்த பருத்திக் காலுறைத் துண்டுகள் அங்கே கிடைத்திருக்கின்றன. அவுரி நீலமும் வெள்ளையும் பட்டை பட்டையாக, ஒழுங்கான உருவங்களோடு. வெயில் நாட்டில், பருத்தியில், அழகுக்காகப் பின்னியவை. ஐஸ்லாந்துக்குப் பின்னல் 16ஆம் நூற்றாண்டில் வணிகர்கள் வழியாகத்தான் வந்தது. வந்ததும் தீவே பின்னத் தொடங்கிவிட்டது: 1624இல் அங்கிருந்து 72,000 சோடிக்கு மேல் காலுறைகளும் 12,000 சோடிக் கையுறைகளும் ஏற்றுமதியாகியிருக்கின்றன.

கழுத்தைச் சுற்றி வட்ட வட்டமாக உருவம் ஓடும் லோபபெய்சா என்ற சுவெட்டரோ இன்னும் இளையது. அது 20ஆம் நூற்றாண்டின் நடுவில் உருவானது. நம் கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் வயதுதான் அதற்கும். கிறீன்லாந்துப் பெண்களின் மணிமாலை மேலாடை, சுவீடனின் பூகுஸ் பின்னல் என்று பல ஊற்றுகளைச் சொல்கிறார்கள். அதைப் பரப்பியவர்களில் ஒருவராக, 1955இல் நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் ஹால்டோர் லக்ஸ்னெஸின் மனைவி ஔதூர் லக்ஸ்னெஸின் பெயரும் வருகிறது. 1977இல் ஐஸ்லாந்துக் கைப்பின்னல் சங்கம் தொடங்கியது. 2020இல் 'ஐஸ்லாந்து லோபபெய்சா' என்ற பெயருக்கே சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது: ஐஸ்லாந்துச் செம்மறியின் கம்பளியில், ஐஸ்லாந்திலேயே, கையால் பின்னினால்தான் அந்தப் பெயர். இந்த இளமை அதன் மதிப்பைக் குறைப்பதாக நான் நினைக்கவில்லை. எழுபது வருடத்தில் ஒரு மக்கள் கூட்டம் தன் ஆட்டின் இயற்கை நிறங்களையே, வெள்ளை, சாம்பல், கபிலம், கறுப்பு, கொண்டு உலகம் அடையாளம் காணும் உருவம் ஒன்றைப் படைத்துவிட்டது பெரிய சாதனை.

அந்தச் சுவெட்டரின் உருவத்தைத் தொப்பிக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பதற்கு வடிவியல் காரணம் உண்டு. தோளிலிருந்து கழுத்தை நோக்கிச் சுருங்கும் வட்டமும், நெற்றியிலிருந்து உச்சியை நோக்கிச் சுருங்கும் வட்டமும் ஒரே கணக்கு. உருவப் பட்டைகளுக்கு இடையில் ஒற்றை நிறமாக வரும் சுற்றுகளில் கண்ணிகளைக் குறைத்துவிட்டால் குறைத்த இடம் கண்ணுக்குத் தெரியாது.

கனடாவிலோ நோர்வேயிலோ இருக்கும் பிள்ளைக்கு ஊரிலிருந்து ஒரு தொப்பி பின்னி அனுப்ப நினைக்கும் அம்மா ஒருவர் என்று வைத்துக் கணக்கைச் செய்து பார்ப்போம். லெற்லோப்பி என்ற நடுத்தர நூலில், 4.5 மில்லிமீற்றர் ஊசியால், 10 சென்டிமீற்றர் சதுரத்தில் 18 கண்ணியும் 24 சுற்றும் வரும். அந்த நூல் 50 கிராம் உருண்டையில் 100 மீற்றர். வளர்ந்தவரின் தலைச் சுற்றளவு 56 சென்டிமீற்றர் எனலாம். தொப்பி கவ்வி நிற்க இரண்டு மூன்று சென்டிமீற்றர் குறைவாக இருக்க வேண்டும். 96 கண்ணி போட்டால் 53.3 சென்டிமீற்றர். 96 அழகான எண். 2, 3, 4, 6, 8, 12, 16, 24 எல்லாவற்றாலும் வகுபடும். ஆகவே எட்டுக் கண்ணி உருவமோ பன்னிரண்டு கண்ணி உருவமோ மிச்சம் இல்லாமல் சுற்றில் பொருந்தும். கட்டத் தாளில் உருவம் வரையும்போது ஒரே நிறம் ஐந்து கண்ணிக்கு மேல் தொடராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நீண்டால் பின்னோடும் நூல் விரலில் மாட்டும், உருவமும் சுருங்கும். பன் பாயில் ஓடும் சின்னச் சின்னக் கட்டங்களும் முக்கோணங்களும் இந்த விதிக்கு இயல்பாகவே இசையும். ஐஸ்லாந்து நட்சத்திரத்துக்குப் பதில் அவற்றைப் போட்டால் தொப்பிக்கு ஊர் முகம் வரும் என்பது என் ஆசை.

நிறம் மாற்றும்போது புதியவர்கள் எல்லோரும் பின் நூலை இறுக்குவார்கள். இறுகிய பின் நூல் நீளாது. முகப்புக் கண்ணிகளின் நெகிழ்வு அத்தோடு போய்விடும், தொப்பி தலையில் ஏறாது. வலது ஊசியில் இருக்கும் கண்ணிகளை விரலால் நன்றாக விரித்துவிட்டுப் புதிய நிறத்தை எடுத்தால் பின் நூலுக்கு வேண்டிய நீளம் தானாகக் கிடைக்கும். இரண்டு நூலில் எது கீழேயிருந்து வருகிறதோ அதன் கண்ணி சற்றுப் பெரிதாக விழும், உருவம் அந்த நிறத்தில் எடுப்பாகத் தெரியும். ஆகவே உருவத்துக்குரிய நிறத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை கீழேயே வைத்திருக்க வேண்டும். நடுவில் மாற்றினால் துணியில் ஒரு கோடு விழுந்ததுபோல் காட்டிக்கொடுத்துவிடும். நிறத் தேர்வுக்கு எளிய சோதனை: இரண்டு நூல் உருண்டைகளையும் பக்கத்தில் வைத்துத் தொலைபேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். சிவப்பும் பச்சையும் கண்ணுக்கு எதிரெதிராகத் தெரிந்தாலும் படத்தில் ஒரே சாம்பலாகிவிட்டால் தூரத்திலிருந்து உருவம் கரைந்துவிடும்.

உச்சிக்கு வருவோம். 14 சென்டிமீற்றர் உயரம் வந்ததும் 96 கண்ணியை எட்டுப் பங்காக்கி, ஒவ்வொரு பங்கிலும் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று ஒரு கண்ணி குறைக்கச் சொல்வார்கள். ஏன் எட்டு, ஏன் ஒன்று விட்டு ஒன்று? வட்டத்தின் ஆரை ஒரு சுற்றின் உயரம் குறைந்தால் சுற்றளவு அதன் 2π மடங்கு குறைய வேண்டும். நம் கண்ணியின் அகலம் 5.6 மில்லிமீற்றர், உயரம் 4.2. எனவே தட்டையான வட்டம் வேண்டுமென்றால் சுற்றுக்கு 4.7 கண்ணி குறைய வேண்டும். இரண்டு சுற்றுக்கு எட்டு என்றால் சுற்றுக்கு நான்கு, தேவையைவிடச் சற்றுக் குறைவு. அந்தக் குறைவால் துணி தட்டையாகாமல் மெல்ல உயர்ந்து மூடுகிறது. 22 சுற்றில் எட்டுக் கண்ணி மிஞ்சும். உச்சி ஏறத்தாழ 5 சென்டிமீற்றர் எழுந்திருக்கும், மண்டையோட்டின் வளைவுக்கு இது போதும். ஒவ்வொரு சுற்றிலும் எட்டுக் குறைத்தால் துணிக்கு இடம் போதாமல் உச்சி கொய்து சுருங்கும். மூன்று சுற்றுக்கு ஒருமுறை குறைத்தால் நீண்ட கூம்பாகிவிடும். கணிதம் கற்பிக்கும் ஆசிரியர்கள் π-ஐ விளக்க இதைவிட நல்ல பொருளைத் தேட வேண்டியதில்லை.

தலை வழியாகத்தான் உடல் சூட்டில் பாதி போகிறது என்று ஒரு நம்பிக்கை பரவலாக உண்டு. 2008இல் பிரித்தானிய மருத்துவ இதழில் ரேச்சல் வ்ரீமன், ஆரன் கரோல் என்ற இரண்டு மருத்துவர்கள் அது தவறு என்று எழுதினார்கள். வளர்ந்தவரின் தலை உடற்பரப்பில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மற்ற உடம்பு மூடியிருந்து தலை மட்டும் திறந்திருந்தால் இழப்பு அங்கே தெரிவது இயல்புதான். ஆனாலும் ஒரு விஷயம் தலைக்கு மட்டும் உண்டு. குளிரில் விரல்களின் இரத்தக் குழாய்கள் சுருங்கிச் சூட்டைச் சேமிக்கும். உச்சந்தலையின் குழாய்கள் அப்படிப் பெரிதாகச் சுருங்குவதில்லை, மூளைக்கு மேலே இரத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். குளிர் கூடக் கூட மூடாத தலையின் இழப்பும் கூடிக்கொண்டே போகும்.

குழந்தையின் கணக்கு முற்றிலும் வேறு. பிறந்த குழந்தையின் தலை அதன் உடற்பரப்பில் ஐந்தில் ஒரு பங்கை நெருங்கும். பிறக்கும்போது உடல் நனைந்தும் இருக்கும். 23 பாகை அறையில் ஆடையின்றிக் கிடக்கும் பச்சிளங் குழந்தைக்கு ஏற்படும் வெப்ப இழப்பு, பூச்சியம் பாகையில் ஆடையின்றி நிற்கும் பெரியவருக்கு ஏற்படுவதற்குச் சமம் என்கிறது உலக சுகாதார அமைப்பின் 1997ஆம் ஆண்டுக் கையேடு. மட்டக்களப்பின் மார்கழி விடியற்காலை ஏறக்குறைய அந்த 23 பாகையில்தான் இருக்கும். பிள்ளை பிறந்ததும் துடைத்து உலர்த்தித் தொப்பி போடச் சொல்வது செல்லத்துக்காக அல்ல. வாழ்நாளில் பனியையே காணாத நம்மிலும் அநேகர் பிறந்த முதல் மணித்தியாலங்களில் ஒரு தொப்பியின் தயவில் இருந்தவர்கள். குழந்தைக்கு லோப்பி குத்தும். மிருதுவான பருத்தியோ மென்கம்பளியோ நல்லது.

கரடியனாற்றைக் கடந்து போகும் அதே ஏ5 வீதி மகாஓயா, பிபிலை, பதுளை என்று ஏறி நுவரெலியாவைத் தொட்டுப் பேராதனையில் முடிகிறது. ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை குறையும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அப்படியென்றால் 12 பாகை குறைய வேண்டும். மட்டக்களப்பின் ஆண்டுச் சராசரி 28ஐ ஒட்டியது, நுவரெலியாவினது 16. கணக்கு அப்படியே பொருந்துகிறது. தை மாசி விடியலில் அங்கே தேயிலைக் கொழுந்திலும் உருளைக்கிழங்குப் பாத்தியிலும் உறைபனி படியும் நாட்கள் உண்டு. சுவெட்டரும் குல்லாவும் அங்கே கடைத்தெருவில் குவிந்திருக்கும். தோட்டத்துக்குக் கொழுந்து பறிக்கப் போகும் பெண்களுக்கு அது அலங்காரப் பொருளே அல்ல, பனியில் நனைந்த செடிகளுக்கிடையில் காலை முழுக்க நிற்க வேண்டியவர்களின் உடை. இலங்கையில் கம்பளித் தொப்பியைப் பற்றி எழுதும்போது முதலில் நினைக்க வேண்டியவர்கள் அவர்கள்தாம்.

அவர்கள் வாங்குவதில் பெரும்பகுதி அக்ரிலிக். மட்டக்களப்புக் கடைகளில் பின்னல் நூல் என்று கேட்டாலும் அதுதான் கிடைக்கும். மலிவு, நிறம் போகாது, பூச்சி தின்னாது. உலர்ந்திருக்கும்வரை காற்றை நன்றாகவே பிடிக்கும். வேறுபாடு ஈரத்தில் தெரியும். அக்ரிலிக் தன் எடையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு நீரையே உறிஞ்சும். வியர்வை நார்களுக்கு இடையில், காற்று இருக்க வேண்டிய இடத்தில் தங்கும். கம்பளி மயிரின் வெளிச்செதில் நீர்த்துளியைத் தள்ளிவிடும், ஆனால் நீராவியை உள்ளே விடும். தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை மயிருக்கு உள்ளேயே வாங்கி வைத்துக்கொண்டு, தொட்டால் ஈரம் தெரியாமல் இருக்கும். இடுக்குகளில் காற்று காற்றாகவே நிற்கும். வாங்கும்போது வெப்பத்தையும் வெளிவிடுகிறது: ஒரு கிராம் நீராவிக்கு ஏறத்தாழ 2.5 கிலோயூல். சூடேற்றிய, வறண்ட வீட்டிலிருந்து ஈரக் குளிருக்குள் வரும் ஒருவரின் தொப்பி பத்துக் கிராம் நீராவியை வாங்கினால் 25 கிலோயூல் கிடைக்கும். அது முதல் அரைமணி ஒரு மணி நேரத்துக்கான உதவி, நாள் முழுக்க நீடிப்பதல்ல. வீட்டுக்குத் திரும்பித் தொப்பி உலரும்போது அந்த வெப்பத்தை வீட்டுச் சூட்டிலிருந்து அது திரும்ப எடுத்துக்கொள்ளும்.

மட்டக்களப்பின் ஈரக்காற்றில் பின்னும்போது நூல் ஏற்கெனவே நீர் ஏறியே இருக்கும். வாவிக்கரையில் 80 கிராம் காட்டும் தொப்பியில் பத்துக் கிராமுக்கு மேல் தண்ணீர். கனடாவின் குளிர்கால வீட்டுக்குள் போனதும் அதில் பெரும்பகுதி வெளியேறி எடை குறைந்துவிடும்.

துவைப்பதில் செதில்களை மறந்துவிடக் கூடாது. எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருப்பதால் மயிர் அடிப்பக்கமாக நகரும், நுனிப்பக்கமாகத் திரும்ப நகராது. வெந்நீர், சவர்க்காரம், தேய்ப்பு மூன்றும் சேர்ந்தால் மயிர்கள் ஒன்றுக்குள் ஒன்று ஊர்ந்து பூட்டிக்கொள்ளும். தொப்பி சுருங்கித் தடித்த தகடாகிவிடும், பிரிக்கவே முடியாது. இளஞ்சூட்டு நீரில் ஊறவைத்து, பிழியாமல் துவாயில் சுற்றி அழுத்தி, நிழலில் கிடத்தி உலர்த்த வேண்டும். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் பாரத்தில் கண்ணிகள் நீண்டுவிடும்.

மழைக்காலத்தில் பெட்டியில் வைத்துப் பூட்டினால் வேறோர் ஆபத்து. கம்பளி, மயிர், நகம் எல்லாம் கெரட்டின் என்ற புரதம். அதைச் செரிக்கக்கூடிய உயிரினங்கள் மிகச் சில. அவற்றில் ஒன்று உடுப்பு அந்துப்பூச்சியின் புழு. சுத்தமான கம்பளியைவிட வியர்வையும் எண்ணெயும் ஏறிய கம்பளியே அதற்கு விருப்பம். ஆகவே முதலில் அரிபடுவது நெற்றியைத் தொடும் பட்டைதான். துவைத்து நன்றாக உலர்த்திய தொப்பியைக் காற்றுப் புகாத பையில் கட்டி வைக்கவும். சந்தேகம் இருந்தால் ஒரு வாரம் குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் வைத்து எடுக்கலாம், முட்டையும் புழுவும் சாகும். மாசி வெயில் வந்ததும் வெளியே எடுத்து, உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, பின்னோடும் நூல்களுக்கிடையில் விரலை விட்டு உதறுங்கள்.